கவுன்சலர் சரியான வைத்தியம்தான் செய்கிறாரா? அதையும் அளந்து பார்க்க வழி இருக்கு!

செஞ்சி என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராஜகிரிக் கோட்டை, தேசிங்கு ராஜா, கல்யாண மகால்... 2025 ஜூலையில் மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் என்று 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததே, அதில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். ஆனால் சுற்றுவட்டார விவசாயிகளிடம் கேட்டுப் பாருங்கள். செஞ்சி என்றால் அவர்களுக்கு முதலில் 'கமிட்டி'தான். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அவர்கள் வாயில் அந்தப் பெயர். மூட்டை வந்து இறங்கியதும் நெல்லைக் கையில் அள்ளிப் பார்ப்பார்கள், ஈரம் பார்ப்பார்கள், எடை போடுவார்கள். விலை அதற்கப்புறம்தான்.

அந்த ஊர்க் குடும்பம் ஒன்றை எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். சின்ன ஊர், பஸ் ஸ்டாண்டில் பேசினால் கடைத்தெருவில் கேட்கும். அந்த வீட்டு அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னது அப்படியே மனதில் நிற்கிறது.

"ஒரு மூட்டை நெல்லுக்கே ஈரம் பாத்துத்தாங்க விலை வெக்கிறாங்க. எம் பொண்ணுக்கு ஆறு மாசமா கவுன்சலிங் நடக்குது. அது நல்லதா, சொத்தையான்னு யாருங்க பாக்குறது?"

பெண்ணுக்கு வயது 16. பிளஸ் ஒன் படிக்கிறாள். ஒரு பரீட்சையின்போது ஹாலில் உட்கார்ந்திருந்தவளுக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. கை கால் நடுக்கம், வியர்வை, மூச்சு முட்டல். "செத்துடுவேன்னு நெனச்சேன்" என்றாளாம். இ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. 'இது பயத்தால் வந்தது, கவுன்சலிங் கூட்டிட்டுப் போங்க' என்று டாக்டர் சரியாகத்தான் சொல்லியனுப்பினார். அன்றிலிருந்து சனிக்கிழமை தோறும் பஸ் பிடித்துப் பக்கத்து நகரத்துக்குப் போய் வருகிறார்கள். கவுன்சலர் அன்பானவர். முக்கால் மணி நேரம் பொறுமையாகப் பேசுகிறார். மூச்சுப் பயிற்சி கற்றுத் தருகிறார். "தைரியமா இரும்மா" என்கிறார். பெண்ணுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும்.

பள்ளிக்கூடத்துக்கு மட்டும் போகவில்லை!

அந்தத் தாயின் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உலகம் முழுக்க மனநல ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் தமிழ்நாடு உள்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 13 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் (7.3 சதவீதம்) ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. உதவி தேடிப் போகிறவர்களே குறைவு. அப்படிப் போகிறவர்களுக்காவது சரியான சிகிச்சை கிடைக்கிறதா? இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை.

பேசினால் போதாதா?

மனம்விட்டுப் பேச ஓர் ஆள் கிடைப்பதே பெரிய விஷயம்தான். ஆனால் அது வேறு, சிகிச்சை வேறு. ஜுரம் என்று போனால் டாக்டர் தலையைத் தடவி ஆறுதல் சொல்வது நன்றாகத்தான் இருக்கும். டைபாய்டு என்றால் அதற்குரிய மருந்தும் எழுத வேண்டும் இல்லையா?

மனதுக்கான சிகிச்சையிலும் அப்படி உண்டு. ஒரு முறையை நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டு, பலன் இருக்கிறது என்று நிரூபித்தவை. 'ஆதாரமுள்ள சிகிச்சை முறைகள்' என்கிறார்கள். சோர்ந்து முடங்கிக் கிடக்கும் பிள்ளைக்கு, நின்றுபோன நல்ல காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்ய வைப்பது ஒரு முறை. அடம், கோபம், சண்டை என்று வரும் சின்னப் பிள்ளைகளுக்கு, பிள்ளையைவிட அப்பா அம்மாவுக்குத்தான் பயிற்சி அதிகம். (இதைச் சொன்னால் பல அப்பாக்களுக்கு முகம் சுருங்கிவிடும்!)

நம் செஞ்சிப் பெண்ணுக்கு வந்தது போன்ற பயத்துக்கு என்ன? பயப்படுகிற விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, படி ஏறுவதுபோல நேருக்கு நேர் சந்திக்கப் பழக்குவது. இதுதான் அந்தச் சிகிச்சையின் உயிர்நாடி. காரணம் சுலபமானது. பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்துவிட்டால் அப்போதைக்கு ஒரு நிம்மதி வருகிறது பாருங்கள், அந்த நிம்மதிதான் வினை. 'போகாததால் தப்பித்தோம்' என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த நாள் பயம் இன்னும் ஒரு சுற்றுப் பெருக்கிறது. போய்ப் பார்த்து, படபடப்பு வந்து, அது தானாகவே அடங்குவதை உடம்பு அனுபவித்தால்தான் அந்தக் கணக்கு மாறும். மூச்சுப் பயிற்சி கெட்டதல்ல, துணைக்கு வரும். ஆனால் அது மட்டும் போதாது. ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட 'வாம்மா, பள்ளிக்கூட கேட் வரைக்கும் போய்ட்டு வருவோம்' என்ற பேச்சே எழவில்லை என்றால், அங்கே சாம்பார் கொதிக்கிறது, பருப்பு போடவில்லை என்று அர்த்தம்.

கேட்டால் சொல்ல மாட்டாரா?

'கவுன்சலரையே கேட்டுவிட்டால் போச்சு' என்று நினைப்பீர்கள். ஆராய்ச்சியாளர்களும் முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். செலவில்லாத வழி ஆயிற்றே! அமெரிக்காவின் ஹவாய்த் தீவில் 1994-ல் ஒரு வழக்கின் முடிவில், பிள்ளைகளின் மனநல சேவையைச் சீர்படுத்த அரசு ஒப்புக்கொண்டது. அதன்பின் அங்கே ஒரு பழக்கம் வந்தது. ஒவ்வொரு சிகிச்சையாளரும் மாதா மாதம் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இந்த மாதம் எந்தெந்த உத்திகளைப் பயன்படுத்தினேன், எவ்வளவு முன்னேற்றம் என்று டிக் போட வேண்டும். ஒன்றுமே இல்லாததற்கு இது எவ்வளவோ மேல்.

ஆனால் ஒரு சிக்கல். 'தினமும் வாக்கிங் போறியா?' என்று டாக்டர் கேட்டால் நாம் என்ன சொல்கிறோம்? 'போறேன் டாக்டர்' என்கிறோம். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமில்லை. போன ரெண்டு நாள் ஞாபகத்தில் இருக்கிறது, போகாத அஞ்சு நாள் மறந்துவிடுகிறது! சிகிச்சையாளர்களும் மனுஷர்கள்தானே?

பிலடெல்பியா நகரில் இதை நேரடியாகவே சோதித்தார்கள். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிகிச்சையை, அதாவது சி.பி.டி. என்று சுருக்கமாகச் சொல்கிறார்களே, அதை உருவாக்கிய ஆரோன் பெக் வாழ்ந்த ஊர் அது. பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரும் சாதாரண கிளினிக்குகளில் வேலை பார்ப்பவர்களை எடுத்துக்கொண்டார்கள். சிலரிடம் 'என்ன செய்தீர்கள்?' என்று கேட்டு எழுதி வாங்கினார்கள். சிலரைக் கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விவரிக்கச் சொன்னார்கள். சிலருக்கு முன்னால் ஒருவரைப் பிள்ளைபோல உட்கார வைத்து, 'இவருக்குச் செய்வதுபோலச் செய்து காட்டுங்கள்' என்றார்கள். எல்லாவற்றையும் நிஜமான அமர்வின் ஒலிப்பதிவோடு ஒப்பிட்டார்கள்.

2022-ல் வெளியான முடிவு இதுதான். வாயால் சொன்னவர்களும், கேஸ் ஷீட்டைப் பார்த்துச் சொன்னவர்களும் நிஜத்தில் செய்ததைவிடக் கூடுதலாகவே செய்ததாகக் கணக்குச் சொன்னார்கள். நடித்துக் காட்டச் சொன்னதில் கிடைத்த மதிப்பெண்தான் ஒலிப்பதிவோடு ஒட்டிப் போனது. அதாவது, சமையல் குறிப்பை ஒப்பிக்கச் சொல்வதைவிட, அடுப்பைப் பற்றவைத்து 'செஞ்சு காட்டு' என்பது மேல்!

இன்னொரு ஆராய்ச்சி, சாண்டியாகோ நகரத்தில் நடந்தது. 2010-ல் வெளிவந்தது. நடத்தைப் பிரச்னையுள்ள 4 முதல் 13 வயதுப் பிள்ளைகளின் அமர்வுகளை வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையாளர்கள் பலன் தரும் உத்திகள் பலவற்றையும் தொடத்தான் செய்தார்கள். ஆனால் தொட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். வீட்டில் செய்யப் பயிற்சி கொடுத்து அடுத்த வாரம் அதைக் கேட்பது, அங்கேயே நடித்துப் பழக வைப்பது போன்ற முக்கியமான வேலைகள் அபூர்வமாகவே நடந்தன. கல்யாணப் பந்தியில் இருபத்தோரு வகையும் இலையில் விழுந்தது, எல்லாமே ஒரு ஸ்பூன்தான் என்கிற கதை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செய்ய வேண்டியதைச் செய்தாரா என்பது ஒன்று. செய்ததை நன்றாகச் செய்தாரா என்பது இன்னொன்று. பெக்கின் சிகிச்சை முறைக்கு 1980-லேயே ஒரு மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது. 11 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6 வரை, மொத்தம் 66. நாற்பதாவது எடுத்தால்தான் தேறினார் என்று பொதுவாக வைத்துக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் மார்க் என்று நினைத்தீர்களா?

'அதெல்லாம் அமெரிக்காவில் சரி. நம்ம ஊரில் யார் வீடியோ எடுத்து, யார் உட்கார்ந்து பார்ப்பது?' நியாயமான கேள்வி. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு மார்க் போட ஒரு நிபுணருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம் நாட்டில் நிபுணர்களே சொற்பம்.

இதற்கு ஒரு நல்ல விடை கிடைத்தது கோவாவில்!

கேஸட் கேட்டு மார்க் போட்டவர்கள்

கோவாவில் சங்காத் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. டாக்டர் விக்ரம் படேலும் அவருடைய சகாக்களும் சேர்ந்து தொடங்கியது. மனநலப் படிப்பே படிக்காத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தர வைத்தார்கள். படிக்காதவர்கள் கையில் சிகிச்சையா என்று பலர் புருவம் உயர்த்தினார்கள். அதனால் தரத்தைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டியிருந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? அமர்வுகளை (நோயாளியின் சம்மதத்தோடுதான்) ஒலிப்பதிவு செய்தார்கள். பிறகு கவுன்சலர்கள் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து ஒருவருடைய பதிவை மற்றவர்கள் கேட்பார்கள். ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மார்க் போடுவார்கள். 'இந்த இடத்துல அவரைப் பேசவிடாம நீங்களே பேசிட்டீங்களே' என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். அதே பதிவுகளுக்கு நிபுணர்களும் தனியாக மார்க் போட்டார்கள். இரண்டும் ஓரளவு ஒத்துப்போயின! அந்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. நிபுணர் பக்கத்திலேயே இல்லாத ஊரிலும் தரம் பார்க்க முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

சரி, பலன்? 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரைச் சேர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2017-ல் வந்தது. வழக்கமான கவனிப்போடு இந்தச் சிகிச்சையும் கிடைத்தவர்களில் மூன்று மாதத்தில் நூற்றுக்கு 64 பேர் மனச்சோர்விலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 பேர்.

அது பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கும் அதே குழு டெல்லி அரசுப் பள்ளிகளில் முயன்று பார்த்தது. 250 மாணவர்கள். ஒரு பாதிக்கு, பிரச்னையை எப்படி அவிழ்ப்பது என்று சொல்லும் படக்கதைப் புத்தகங்கள் மட்டும். மறு பாதிக்குப் புத்தகங்களோடு கவுன்சலரும். 2020-ல் வந்த முடிவில், பிள்ளைகள் தாங்களாகச் சொன்ன பிரச்னைகள் கவுன்சலர் இருந்த பக்கத்தில் கூடுதலாகக் குறைந்திருந்தன. ஆனால் பொதுவான மனநல அறிகுறிகளை அளக்கும் கேள்வித்தாளில் இரு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதை ஒளிக்காமல் வெளியிட்டார்களே, அதனால்தான் இந்த மாதிரி ஆராய்ச்சிமேல் எனக்கு மரியாதை. 'எங்களிடம் வந்தால் நூறு சதவீதம் குணம்' என்று போர்டு போடுகிறவர்களைக் கண்டால்தான் பயம்.

பீகாரின் நாளந்தா மாவட்டப் பள்ளிகளில் நடந்தது இன்னும் ருசியான கதை. பிள்ளைகளின் மனநலம், பள்ளிச் சூழல் இவற்றுக்கான ஒரே திட்டம். சில பள்ளிகளில் அதற்கென்று நியமித்த பயிற்சி பெற்ற ஆள் நடத்தினார். சில பள்ளிகளில் அங்கிருக்கும் ஆசிரியர் ஒருவருக்கே பயிற்சி கொடுத்து நடத்தச் சொன்னார்கள். தனி ஆள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் நன்றாக முன்னேறியது, கேலி கிண்டல், அடிதடி குறைந்தது, பிள்ளைகளின் மனச்சோர்வும் குறைந்தது. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில்? திட்டமே இல்லாத பள்ளிகளைவிட முன்னேற்றம் எதுவும் இல்லை! 2018-ல் வந்த முடிவு இது. ஆசிரியர்கள்மேல் குறை சொல்ல நான் வரவில்லை. பாடம், பரீட்சை, கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே தலைக்குமேல் சுமை அவர்களுக்கு. 'எங்க ஸ்கூல்ல ஒரு டீச்சருக்கு கவுன்சலிங் ட்ரெயினிங் குடுத்தாச்சு' என்று சொன்னதோடு விஷயம் முடிந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். காகிதத்தில் ஒரே திட்டம்தான். அது பிள்ளையிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் சேர்ந்து 2022-ல் 'ஈக்விப்' என்று ஒரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தன. பிள்ளைகளோடு வேலை செய்பவர்களின் திறமையை நடித்துக்காட்டும் முறையில் மதிப்பிடத் தனிப் பட்டியலே அதில் உண்டு. அதில் எனக்குப் பிடித்தது, நல்லது செய்தாரா என்பதோடு கெடுதல் செய்தாரா என்றும் பார்ப்பது. பிள்ளையைக் குற்றம் சாட்டுவது, அதட்டுவது, சொன்னதை அலட்சியப்படுத்துவது, இதெல்லாம் ஒன்று நடந்தாலும் அபாய மணிதான்.

நீங்கள் என்ன கேட்கலாம்?

ஒலிப்பதிவு வேண்டும் என்று நீங்கள் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. பிள்ளை உள்ளே பேசுவது அதன் ரகசியம். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. வெளியே வந்ததும் வராததுமாய் "உள்ள என்னடி சொன்னே? என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?" என்று குடைகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். உயிருக்கு ஆபத்து போன்ற விஷயம் என்றால் எந்தப் பொறுப்பான கவுன்சலரும் பெற்றோருக்குத் தெரியப்படுத்துவார்.

ஆனால் சிகிச்சையின் போக்கைப் பற்றிக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. என் பிள்ளைக்கு என்ன பிரச்னை என்று நினைக்கிறீர்கள்? அதற்கு என்ன முறையைப் பின்பற்றுகிறீர்கள்? எத்தனை வாரத்தில் எந்த மாற்றத்தை எதிர்பார்க்கலாம்? மாற்றம் இல்லையென்றால் வேறு என்ன செய்வீர்கள்? வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? நல்ல கவுன்சலர் இதற்கெல்லாம் சந்தோஷப்படுவார். 'எல்லாம் சரியாயிடும், நம்பிக்கை வைங்க' என்பது மட்டுமே பதிலாக வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று போர்டு இருந்தால் ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் அவமரியாதை ஒன்றுமில்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் அளவு இருக்கிறது. டெல்லிப் பள்ளிகளில் பயன்படுத்தியதும் இந்த மாதிரிதான். பிள்ளையையே தன்னை ரொம்பத் தொந்தரவு செய்யும் மூன்று விஷயங்களைச் சொல்லச் சொல்லுங்கள். அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள், நீங்கள் திருத்தாதீர்கள். வாரா வாரம் ஒரே நாளில், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அதுவே மார்க் போடட்டும். 10 என்றால் தாங்க முடியவில்லை, 0 என்றால் தொந்தரவே இல்லை. ஒரு பழைய நோட்டு போதும். ஒரு வாரம் ஏறும், ஒரு வாரம் இறங்கும், அதற்குப் பதறாதீர்கள். ஆனால் எட்டுப் பத்து வாரம் ஆகியும் கோடு அசையவில்லை என்றால், நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கவுன்சலர் முன் வையுங்கள். இன்னும் முறையாக வேண்டுமென்றால், 25 கேள்விகள் கொண்ட எஸ்.டி.க்யூ. என்ற கேள்வித்தாள் தமிழிலேயே இருக்கிறது. கவுன்சலரிடம் கேட்டால் தெரியும்.

குடும்பம் கூடவே இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதற்கு நம் சென்னையிலேயே சான்று உண்டு. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் முயற்சியில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனமும் கனடாவின் மாண்ட்ரியல் நகர மருத்துவர்களும் சேர்ந்து, முதன்முதலாக மனச்சிதைவு அறிகுறி கண்ட இளைஞர்களுக்கு இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி சிகிச்சையை இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையில் குடும்பங்கள் கூடவே நின்றது சென்னையில்தான் அதிகம்.

செஞ்சிப் பக்கத்துக்காரர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் சேவை இலவசம். பஸ் ஏறவே முடியாதவர்களுக்கு 14416 என்ற டெலிமானஸ் எண். 2022 அக்டோபர் 10-ல் தொடங்கியது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பிள்ளை 'வாழவே பிடிக்கல' என்ற மாதிரி பேசினால் எட்டு வாரம், பத்து வாரம் என்றெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டாம். தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அல்லது அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

அந்தச் செஞ்சி அம்மா என்ன செய்தார்? அடுத்த சனிக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டே விட்டார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். பயப்படற எடத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா அழைச்சிட்டுப் போகணும்னு சொல்றாங்களே. நாம அதைச் செய்யலையே?"

கவுன்சலர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எனக்கே பயமா இருந்ததும்மா. போற எடத்துல பொண்ணு மயக்கம் போட்டு விழுந்துட்டா என்ன பண்றதுன்னு தள்ளிப் போட்டுட்டே வந்துட்டேன்" என்றாராம். நேர்மையான பதில். பிள்ளை படும் அவஸ்தையைப் பார்க்கத் தைரியம் வராமல் இந்த ஒரு உத்தியை மட்டும் தள்ளிப் போடுவது சிகிச்சையாளர்களிடம் உலகம் முழுக்கக் காணும் பழக்கம்தான்.

அன்றே மூன்று பேரும் உட்கார்ந்து படி போட்டார்கள். முதல் படி, ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத பள்ளிக்கூட வாசலில் பத்து நிமிஷம். அடுத்தது, சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே வரும் நேரத்தில் எதிரே நிற்பது. அப்புறம் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஒரே ஒரு பீரியட். எட்டாவது படிதான் பரீட்சை ஹால்.

நோட்டில் 'கிளாஸ்ல உக்காரவே பயமா இருக்கு' என்ற வரிக்கு நேரே முதல் வாரம் 9 என்று இருந்தது. ரெண்டாவது வாரம் 10 ஆனது. அம்மா பயந்துபோய் எனக்கு போன் செய்தார். கடைசியாகப் பேசியபோது 6. பெண் மத்தியானம் வரைக்கும் வகுப்பில் இருந்துவிட்டு வருகிறாளாம். சாப்பாட்டு டப்பாவில் பாதி மிச்சம் இருந்ததாக ஒரே புகார்.